சென்னைப் பட்டணத்தின் கஞ்சியும் மருந்தும்

சென்னை நகரின் மருத்துவ வரலாற்றை 1664ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் பொறுப்பிலிருந்த சர் எட்வர்ட் வின்டர், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரர்களுக்கென்று கோட்டைக்குள் ஒரு வீட்டில் மருத்துவமனை அமைத்தார். அது சில முறை இடம் மாறி, 1772இல் இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள நிலத்தில் நிலைகொண்டது. நகர மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெரியாஸ்பத்திரி என்றும் ஜி.எச். என்றும் அழைத்துவரும் அரசு பொது மருத்துவமனை அதுவே. ஆயினும், அது தோன்றிய நாளிலேயே நகரத்தின் மருத்துவமனையாக இருந்தது என்று கொள்வது பிழையாகும். அது படையின் மருத்துவமனை. இந்தியப் பொதுமக்களுக்கு அதன் வாயில் திறந்தது 1842இல்தான். ஏறத்தாழ 180 ஆண்டுகள், கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் என்று வெள்ளையரால் அழைக்கப்பட்ட பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த நெசவாளர், படகோட்டிகள், சுமைகூலிகள், வீட்டு வேலைக்காரர்கள் ஆகியோரின் நோய்க்கும் அந்த மருத்துவமனைக்கும் தொடர்பு இருக்கவில்லை.

அந்த மக்களுக்கு நகரம் முதன்முதலில் பொதுவில் வழங்கிய பராமரிப்பு மருந்தாக அன்றிக் கஞ்சியாகவே இருந்தது. 1780இல் ஹைதர் அலியின் படை, அன்று கர்நாடகம் எனப்பட்ட, சென்னையைச் சூழ்ந்த பகுதிக்குள் நுழைந்தபோது, பயிர் அழிந்து, ஏரிகள் பாழாகி, ஊர்களைத் துறந்த குடிகள் பட்டணத்தை நோக்கித் திரண்டனர்; அதைத் தொடர்ந்த 1781–82 பஞ்சத்தில், நகரின் வட எல்லையில் இராயபுரத்தை ஒட்டிக் கஞ்சி வார்க்கும் நிலையம் ஒன்று தோன்றியது. வரி வசூலையும் ஊர் நிர்வாகத்தையும் கவனித்த மணியக்காரர் ஒருவரின் முயற்சியால் அது எழுந்ததாகக் கூறப்படுவதால் ஆவணங்களில் மணியக்காரர் சத்திரம் என்ற பெயரைப் பெற்றது. ஆனால் மக்கள் வாயில் அது கஞ்சித் தொட்டி ஆயிற்று. வழிப்போக்கருக்கும் யாத்திரிகருக்கும் சோறும் தங்குமிடமும் தரும் சத்திரம் தமிழகத்துக்குப் பழமையான அமைப்பு. மன்னரும் வணிகரும் அறக்கட்டளை வைத்து நடத்திய அவ்வமைப்பு, இங்கே ஊரை இழந்து வந்தவர்களுக்கான புகலிடமாக உருமாறியது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தனர். பல நாள் பட்டினி கிடந்த உடலில் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் எளிதில் பற்றும். அத்தகையோருக்குக் கஞ்சி மட்டும் போதாது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் இந்தியருக்கான மருத்துவமனை ஒன்றை நிறுவினார். சில ஆண்டுகளில் அதுவும் கஞ்சித் தொட்டியும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைந்தன. அதிலிருந்து வளர்ந்ததே, 1910இல் அரசு ஏற்றுக்கொண்ட இராயபுரம் மருத்துவமனையும், ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி 1938இல் முழு மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையும். வடசென்னை முதியவர்கள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று நெடுங்காலம் அழைத்துவந்தது பொருத்தமான வழக்கே. பெரியாஸ்பத்திரி கோட்டையிலிருந்து மக்களிடம் இறங்கி வந்தது. ஸ்டான்லியோ உணவுப் பாத்திரத்தின் அருகிலிருந்து எழுந்தது. சென்னையின் பராமரிப்பு வரலாற்றை இந்த இரண்டாவது தொடக்கத்திலிருந்து படிக்கும்போதுதான், நோயையும் வறுமையையும் ஒன்றாகப் பார்த்த காலங்களும், தனித்தனியாகப் பிரித்த காலங்களும், அந்தப் பிரிவினைக்கு மக்கள் செலுத்திய விலையும் தெளிவாகப் புலப்படுகின்றன.

அதே காலத்தில் ஆட்சியாளர் சமூகத்தின் ஏழைகளுக்கென்று தனி ஏற்பாடுகள் எழுந்தன. படைவீரர்களின் அநாதைப் பெண் குழந்தைகளுக்கு 1787இலும் ஆண் குழந்தைகளுக்கு 1789இலும் இல்லங்கள் தொடங்கப்பட்டன. வறுமையுற்ற ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உதவ 1812இல் ஆபத்துக்காலத் தோழர் சங்கம் ஒன்று அமைந்தது. 

மனநோயாளிகளுக்கான ஏற்பாடு 1794இல் தொடங்கியது. வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் புரசைவாக்கத்தில் 16 பேர் தங்கக்கூடிய வீட்டை அமைத்து அதை நடத்தினார். பராமரிப்பு அங்கே குத்தகைத் தொழிலாகவே நடந்தது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பரந்த தோட்டம் ஒன்றுக்கு அரசு மனநோயாளர் காப்பகம் மாறியபோது நோயாளிகளுக்கு வெளியும் காற்றும் கிடைத்தன. ஆனால் உயர்ந்த சுவர்களும் கூடவே வந்தன. குடும்பத்தாரால் கொண்டுவந்து விடப்பட்டுத் திரும்ப அழைத்துச் செல்லப்படாதவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கிப்போயினர், கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே வசைச் சொல்லாகப் பேச்சில் புழங்கும் நிலையும் உண்டாயிற்று. 1961இல் அதன் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற எம். சாரதா மேனன், நோயாளியைச் சுவருக்குள் அடைப்பதோடு மருத்துவத்தின் கடமை முடிவதில்லை என்ற கொள்கையுடன் மறுவாழ்வுப் பணிகளை வளர்த்தார். ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளின் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் ஆய்வுக்குமான ஸ்கார்ஃப் அமைப்பு உருவாகவும் காரணமானார். மனச்சிதைவு என்பது சிந்தனை, உணர்வு, புலன் அறிவு ஆகியவற்றின் ஒழுங்கு குலையும் கடுமையான மனநோய். மருந்தால் அறிகுறிகள் தணிந்த பின்னரும் வேலை, உறவு, மதிப்பு ஆகியவை தாமாகத் திரும்புவதில்லை என்பதால், மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் பிரிக்க முடியாதவை என்பதற்கு இந்நோயினும் வலுவான சான்று காண்பது அரிது.

நோயையும் பசியையும் தனித்தனியே கணக்கிட்டால் என்ன நேரும் என்பதை 1876–78 பெரும் பஞ்சம் காட்டியது. தமிழ் வழக்கில் தாது வருடப் பஞ்சம் எனப்படும் அப்பேரழிவில் சென்னை மாகாணம் பல லட்சம் உயிர்களை இழந்தது. செங்கற்பட்டு, வடாற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து மக்கள் சாரை சாரையாகத் தலைநகருக்கு வந்தனர். கடற்கரையில் குவிந்துகிடந்த தானிய மூட்டைகளின் அருகே, வாங்கப் பணமின்றி அவர்கள் கிடந்தனர். நகரைச் சுற்றி நிவாரண முகாம்கள் எழுந்தன. கஞ்சித் தொட்டி மீண்டும் நிரம்பியது. இந்நிலையில், செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும், அதற்கு மேல் சிறு காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில் விதித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு அது காணாது.

அவ்விதியை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். சுகாதார ஆணையர் என்பவர் கொள்ளைநோய்களையும் இறப்புக் கணக்கையும் மேற்பார்வையிடும் அரசு மருத்துவர். ஒரு ராத்தல் தானியம் உழைக்கும் உடலைத் தாங்காது என்றும், அளவு கூட வேண்டுமென்றும், பருப்பு போன்ற புரத உணவு சேர வேண்டுமென்றும், முகாம்களில் மக்கள் வயிற்றுப்போக்கில் மடிவதற்குப் பட்டினியே அடிப்படைக் காரணமென்றும் அவர் வாதாடினார். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களின் உடல்நிலையையே சான்றாக முன்வைத்து அவர் நடத்திய அந்த வாதம், உணவின் அளவு கருவூலம் தீர்மானிக்க வேண்டிய எண் அன்று, மருத்துவம் தீர்மானிக்க வேண்டியது என்ற உண்மையை நிலைநாட்ட முயன்றது. சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. ஆயினும் அதற்குள் இழந்த உயிர்கள் இழந்தவையே. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளக் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அதற்கு ஆளுநர் பக்கிங்காமின் பெயர் நிலைத்திருக்கிறது, வெட்டியவர்களின் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை.

பெண்களின் நிலை வேறு வகையில் துயரமானது. பிள்ளைப்பேற்றுக்கான மருத்துவமனை 1844இலேயே தொடங்கப்பட்டுப் பின்னர் எழும்பூரில் நிலைபெற்றிருந்தபோதிலும், ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதை ஏற்காத குடும்பங்களின் பெண்கள், பிரசவம் சிக்கலாகும் நேரத்திலும் வீட்டுக்குள்ளேயே இருந்து இறந்தனர். நகரில் வழக்கறிஞராயிருந்த கணவருடன் வாழ்ந்த மேரி ஷார்லீப் இந்நிலையை அறிந்து, மருத்துவம் படிக்க முனைந்தார். தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவால், 1835இல் பள்ளியாகத் தொடங்கியிருந்த சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. உலகின் பல புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மருத்துவக் கல்வியை மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. இச்செயலுக்காக அக்கல்லூரி பெருமைகொள்ள முழு உரிமை உண்டு. ஷார்லீப் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் ஜாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனையைத் தொடங்கினார். கோஷா என்பது அயல் ஆடவர் கண்ணில் படாமல் திரைக்குள் வாழும் வழக்கம். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதி மக்கள் அதை இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கின்றனர், அதன் இன்றைய பெயர் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. சமூகத்தின் தடைகளை எதிர்க்காமல் அவற்றுக்கு உட்பட்டே அது இயங்கியது என்பது உண்மை. பெயரிலேயே ஜாதி இடம்பெற்ற மருத்துவமனையைப் பற்றி இன்று படிக்கும்போது மனம் கூசுவதும் உண்மை. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் பிழைத்த தாய்மாரை மறந்து அதை மதிப்பிடுவது நேர்மையாகாது.

குடிநீரின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1772இல் கோட்டைக்கு ஏழு கிணறு நீர்நிலையம் அமைந்தது. நகரத்துக்கோ, செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் கொண்டுவர 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீரும் திறந்த கால்வாயில் வடிகட்டப்படாமலே வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பிறகே நகரம் ஓரளவு பாதுகாப்பான நீரைக் குடித்தது. கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் இடையே நூறாண்டு இடைவெளி இருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான கணக்கு தேவையில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பராமரிப்பின் முன்முயற்சி நகரத்தாரின் கைக்கு வந்தது. 1912இல் சகோதரி சுப்பலட்சுமி, மொட்டையடிக்கப்பட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட பிராமண இளம் விதவைகளைச் சேர்த்து விடுதி தொடங்கினார். அது பின்னர் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறி, அங்கே தங்கிப் படித்த பலரை ஆசிரியைகளாக்கி மாகாணமெங்கும் அனுப்பியது. 1920இல் பி. தியாகராய செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் உணவு வழங்கத் தீர்மானித்து, பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அதை விரித்தது. தொடக்கக் கல்விக்கான நிதியில் அச்செலவை அரசு அனுமதிக்காததால் 1925இல் அது நின்றது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தணிக்கை விதி ஏற்கவில்லை. காமராஜர் காலத்தில் 1956இல் மதிய உணவாகவும், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் சத்துணவாகவும் மாநிலமெங்கும் பரவிய திட்டத்தின் முன்னோடி இந்நகரத்தின் மாநகராட்சிப் பள்ளியே.

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையில் மருத்துவமும் சமூகப் பணியும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்திருந்தன. சட்டமன்றத்தில் நுழைந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அவர், அம்முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு நகரின் விடுதிகள் இடம் மறுத்தபோது தம் வீட்டில் அவர்களை ஏற்று, 1930இல் ஔவை இல்லத்துக்கு வித்திட்டார். சட்டம் இயற்றுபவர், அச்சட்டத்தால் விடுபட்டவர்கள் உறங்க ஓர் இடத்துக்கும் பொறுப்பு என்ற உணர்வு அதில் வெளிப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரத்தை உந்துதலாகக் கொண்டு, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக அவர் எழுப்பிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. பணம் இல்லாதவரும் இருப்பவரும் ஒரே தரமான சிகிச்சை பெற வேண்டும் என்ற அதன் நெறியை, 1955இல் அங்கே சேர்ந்து 2021இல் மறையும்வரை அந்நிலையத்தையே வாழ்வாகக் கொண்ட வி. சாந்தா காத்துவந்தார்.

சென்னை உலக மருத்துவத்துக்கே புதிய வழியைக் காட்டியது காசநோயில்தான். டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய் சானடோரியம், அந்நாளைய மருத்துவ நம்பிக்கையின் வடிவம். சானடோரியம் என்பது நோயாளிகள் பல மாதங்கள் தங்கி, தூய காற்றும் ஓய்வும் சத்தான உணவும் பெறும் நிலையம். நாட்டின் நோயாளிகள் அனைவருக்கும் அத்தகைய படுக்கை கிடைப்பது நடவாத காரியம் என்பதால், 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து காசநோய் வேதி மருத்துவ மையத்தைச் சென்னையில் தொடங்கின. நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளை எழுந்தமானமாக இரண்டு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஆகிய மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டதே அந்த ஆய்வு. வீட்டிலிருந்தவர்களுக்கு நல்ல உணவு இல்லை, ஓய்வு இல்லை, ஒற்றை அறையில் பலர் உறங்கினர். ஆயினும் 1959இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களும் சானடோரியத்தினரை ஒத்த அளவில் குணமடைந்தனர். உடன் வாழ்ந்தோருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்று தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இம்முடிவு முக்கியக் காரணம்.

அந்த வெற்றி மாத்திரையால் மட்டும் கிட்டியதன்று. மைய ஊழியர்கள் சந்து சந்தாக வீடுகளுக்குச் சென்று, மீதமுள்ள மாத்திரைகளை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, மருந்து உண்ணப்படுகிறதா என்று பார்த்தனர். வாரம் இருமுறை மருந்தை ஊழியர் கண்முன் கொடுக்கும் முறையும் அடுத்த சில ஆண்டுகளில் அங்கே சோதிக்கப்பட்டு, பிற்காலத்தில் உலகம் கைக்கொண்ட நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அடிப்படையாயிற்று. மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும்: மருத்துவமனை வீட்டுக்குள் மாறியபோது, செவிலியின் வேலை மனைவியரிடமும் தாயரிடமும் மகள்களிடமும் வந்து சேர்ந்தது. படுக்கைச் செலவு மிச்சமானதை அரசுகள் கணக்கிட்டன. இந்த உழைப்பை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

அந்த ஆய்வு சொல்லியதற்கு மேலாக ஒரு பொருளை உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. தகுந்த மருந்து இருந்தால் உணவுக் குறைவு குணமாவதைத் தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்பது அன்று. ஆனால் காசநோய்த் திட்டங்களில் பல பத்தாண்டுகள் மருந்து மட்டுமே பேசப்பட்டு, உணவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்துள்ள அதே மையத்தின் ஆய்வாளர்களும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடத்திய, 2023இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தினர் 10,000க்கும் மேற்பட்டோரைக் கண்காணித்தபோது, அரிசியும் பருப்பும் கூடுதலாகப் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. கார்னிஷ் பருப்புக்காக வாதாடி அதற்குள் ஏறத்தாழ 146 ஆண்டுகள் சென்றிருந்தன. 2018 முதல் மாதம் 500 ரூபாயாக வழங்கப்பட்ட காசநோயாளி ஊட்டச்சத்து உதவியை மத்திய அரசு 2024இல் 1,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்கீழ், நோய் கண்டறியப்படும் நாளிலேயே ஒவ்வொருவரின் எடையும் உயரமும் மூச்சின் வேகமும் அளக்கப்படுகின்றன. மிகவும் மெலிந்தவர்கள், கால் வீங்கியவர்கள், தாமாக எழுந்து நிற்க இயலாதவர்கள் ஆகியோர் வீட்டுக்கு அனுப்பப்படாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மருந்தோடு சேர்த்து அவர்களின் உடல் தாங்கும் அளவறிந்து உணவும் பெறுகின்றனர்.